நார் கான்கிரீட்டுக்குத் தாக்கச் சோதனை: கலவையிலிருந்து கணக்கு வரை

எஃகு, பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி இழைத் துண்டுகளை, அதாவது நாரை, கலந்த கான்கிரீட் எவ்வளவு அடி தாங்கும் என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மண் பரிசோதனைக் கூடத்தில் மண்ணை இடித்து இறுக்கும் கனச் சுத்தியல், ஒரு எஃகுக் குண்டு, தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு தகடு போதும். அமெரிக்க கான்கிரீட் நிறுவனத்தின் 544-ஆம் குழு வகுத்த இந்த முறையைத்தான் எம்.இ. பிராஜெக்ட் செய்யும் மாணவர்களில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கருவி எளிதாக இருப்பதால் சோதனையும் எளிது என்று நினைத்துவிடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முறை இதுதான். 152 மி.மீ. விட்டமும் 63.5 மி.மீ. தடிமனும் உள்ள கான்கிரீட் வட்டின் நடுவில் 63.5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு உட்காரும். அந்தக் குண்டின் மேல் 4.54 கிலோ சுத்தியல் 457 மி.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழும். முதல் விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது எத்தனையாவது அடியில், வட்டு உடைந்து விரிந்தது எத்தனையாவது அடியில் என்று எண்ணுகிறோம். முதலாவதை முதல் எண் என்றும் இரண்டாவதை முறிவு எண் என்றும் இங்கே சொல்கிறேன்.

## 1. எதை அளக்கிறோம் என்று முதலில் தீர்மானியுங்கள்

நார் போட்டால் கான்கிரீட்டின் அமுக்க வலிமை ஏறும் என்று எதிர்பார்த்து ஆரம்பிப்பவர்கள் அதிகம். வழக்கமாகப் போடும் அளவுகளில் அது பெரிதாக ஏறாது. கலவை சரியாக இறுகாவிட்டால் குறையவும் செய்யும். விரிசல் விழும்வரை சுமையைத் தாங்குவது பெரும்பாலும் சிமெண்டும் ஜல்லியும்தான். நாருக்கு உண்மையான வேலை விரிசல் விழுந்த பிறகே வருகிறது.

விரிசலின் இரு பக்கங்களையும் நார்கள் குறுக்கே பிடித்துக்கொள்கின்றன. விரிசல் விரிய வேண்டுமானால் ஒவ்வொரு நாரும் சிமெண்ட் பிடியிலிருந்து உருவி வெளியே வர வேண்டும். கொக்கி முனை உள்ள எஃகு நார் என்றால் அந்தக் கொக்கி நிமிர்ந்த பிறகுதான் வெளியே வரும், மரத்தில் வளைந்து இறங்கிய ஆணியைப் பிடுங்குவதுபோல. அடியின் ஆற்றலில் பெரும்பகுதி இந்த உருவலில்தான் செலவாகிறது.

ஆகவே இந்தச் சோதனையில் நாரைப் பற்றிப் பேசும் எண், முறிவு எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் உள்ள இடைவெளி. நாரில்லாத வட்டில் இந்த இடைவெளி பெரும்பாலும் ஓரிரு அடிகள்தான். விரிசல் தெரிந்த கையோடு துண்டாகிவிடும். நல்ல எஃகு நார்க் கலவையில் அது பல மடங்கு நீளும். கீழே வரும் ஒவ்வொரு படியின் நோக்கமும் இந்த இடைவெளியை வேறு காரணங்கள் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

## 2. கலக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுத்தியலை முதலில் எடை போடுங்கள். 4.54 கிலோ, 457 மி.மீ. என்பது அமெரிக்க மண் சோதனைச் சுத்தியலின் அளவு. நம் ஊர்க் கூடங்களில் பெரும்பாலும் இருப்பது இந்தியத் தரத்தின் கனச் சுத்தியல், அதாவது 4.9 கிலோ, 450 மி.மீ. முன்னதில் ஓர் அடிக்கு 20.4 ஜூல், பின்னதில் 21.6 ஜூல். ஏறத்தாழ 6 சதவீத வித்தியாசம். கையில் இந்தியச் சுத்தியலை வைத்துக்கொண்டு கணக்கில் 20.4 என்று போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். எந்தச் சுத்தியல் என்பது முக்கியமில்லை. எது இருக்கிறதோ அதன் எடையையும் விழும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கடைசி வட்டு வரை அதையே பயன்படுத்துங்கள்.

குண்டு கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். லேத்தில் சாதாரண இரும்பைக் கடைந்து கொடுத்தால் சில வட்டுகளிலேயே தட்டையாகிவிடும். தட்டையான குண்டு அடியை அகலமாகப் பரப்பும், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தை நாரின் சாதனை என்று எழுதிவிடும் அபாயம் உண்டு.

மற்றவை: அடித்தகடு, வட்டைச் சுற்றி நிற்கும் நான்கு தடுப்புக் கட்டைகள், குண்டை நடுவில் நிறுத்தும் வளையம், கிரீஸ் அல்லது வாசலின், மெல்லிய ரப்பர் ஸ்பாஞ்ச் துண்டுகள், சுண்ணாம்பு, நல்ல டார்ச். கலக்குவதற்குப் பேன் மிக்சர், டேபிள் வைப்ரேட்டர். அறுப்பதற்கு வைர பிளேடு போட்ட, தண்ணீர் ஊற்றி வெட்டும் மெஷின். கல்லூரியில் வெட்டும் மெஷின் இல்லை என்றால் வெளியே எங்கே வெட்டலாம் என்பதைக் கலவை போடும் முன்பே பேசி முடியுங்கள். 28-ஆம் நாள் காலையில் தேடக் கிளம்பினால் க்யூரிங் (தண்ணீரில் ஊறவைக்கும்) நாள் எல்லாம் குழம்பிவிடும்.

## 3. நாரையும் ஜல்லியையும் பொருத்துங்கள்

நாரின் நீளம் ஜல்லியின் பெரிய அளவைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிடக் குட்டையான நார் ஜல்லியைத் தாண்டி விரிசலைப் பிடிக்காது. முக்கால் ஜல்லியோடு (20 மி.மீ.) 30 மி.மீ. நார் போட்டால் பாதி நார் ஜல்லிகளுக்கு நடுவில் வளைந்து கிடக்கும். இந்தச் சோதனைக்கு அரை ஜல்லிதான் (சுமார் 12 மி.மீ.) தோது. 35 மி.மீ. நார் அதில் நன்றாகப் பரவும்.

சிறு ஜல்லிக்கு இன்னொரு காரணமும் உண்டு. குண்டு வட்டின் ஒரே புள்ளியில் அடிக்கிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே பெரிய ஜல்லி இருந்தால் முதல் எண் ஏறும், வெறும் சாந்து இருந்தால் இறங்கும். ஜல்லி சிறிதானால் இந்த அதிர்ஷ்ட விளையாட்டு கொஞ்சம் குறையும்.

எஃகு நாரில் நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 50 முதல் 80 வரை வருவதை எடுங்கள். 100-ஐத் தாண்டினால் மிக்சரிலேயே உருண்டை பிடிக்கும். 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் மென்னார் (மெல்லிய பிளாஸ்டிக் இழை) வேறு ஜாதி. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது வரும் சுருக்க விரிசலுக்கு அது நல்லது. முறிவு எண்ணை எஃகு நார் அளவுக்கு உயர்த்தும் என்று அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி நார் என்றால் காரத்தைத் தாங்கும் சிர்கோனியா வகையாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி நாரைச் சிமெண்டின் காரம் அரித்துவிடும்.

கான்கிரீட்டின் வலிமையையும் யோசியுங்கள். எம்30, எம்40 (சதுர மி.மீ.க்கு 30, 40 நியூட்டன் வலிமை) கலவைகளில் சாதாரணக் கொக்கி நார் உருவிக்கொண்டு வரும். மிக உயர்ந்த வலிமைக் கலவையில் சிமெண்டின் பிடி இறுகிவிடுவதால், அதே நார் உருவாமல் அறுந்துவிடும். அறுந்த நார் உருவிய நாரைவிடக் குறைந்த ஆற்றலையே வாங்கிக்கொள்ளும். அங்கே கம்பியின் இழுவிசை வலிமை கூடுதலான நார் வேண்டும்.

## 4. நாரின் அளவைக் கணக்கிடுங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இது. எஃகு நாரின் சதவீதம் என்றால் கான்கிரீட்டின் கன அளவில் சதவீதம். சிமெண்ட் எடையில் இல்லை. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்று எடுத்தால் ஒரு கன மீட்டருக்கு 0.5 சதவீதம் 39.25 கிலோ, 1 சதவீதம் 78.5 கிலோ. கன மீட்டருக்கு 380 கிலோ சிமெண்ட் உள்ள கலவையில் ஒருவர் சிமெண்ட் எடையில் 0.5 சதவீதம் என்று போட்டால் 1.9 கிலோதான் போகும். இருபதில் ஒரு பங்கு! பிறகு நாரால் பலன் இல்லை என்று முடிவுரை எழுதுவார்.

பாலிப்ரொப்பிலீன் மென்னாரைக் கடையில் சிமெண்ட் மூட்டைக் கணக்கில் விற்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 50 கிலோ மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட் என்றால், அதே 380 கிலோ சிமெண்டுக்கு 0.95 கிலோ ஆகிறது. கன அளவில் அது சுமார் 0.1 சதவீதம். இரண்டு வகை நாரையும் ஒப்பிடும்போது இரண்டையும் கன அளவுக்கு மாற்றிய பிறகே ஒரே அட்டவணையில் வையுங்கள்.

ஒரு கலவைக்கு எவ்வளவு வேண்டும்? அமுக்க வலிமை பார்க்கும் 150 மி.மீ. க்யூப் மூன்றுக்கு 10.1 லிட்டர். வட்டுகளை அறுத்தெடுக்கும் 150-க்கு 300 மி.மீ. சிலிண்டர் மூன்றுக்கு 15.9 லிட்டர். நார் அளவைச் சரிபார்க்க இன்னொரு சிலிண்டர் அளவு, அதாவது 5.3 லிட்டர். மொத்தம் 31.3. மிக்சரில் ஒட்டுவது, சிந்துவது எல்லாம் சேர்த்து 36 லிட்டர் போடுங்கள். அதற்கு 0.5 சதவீதம் என்றால் 1.41 கிலோ நார், 1 சதவீதம் என்றால் 2.83 கிலோ.

முதல் முறை செய்பவர் நாரில்லாதது, 0.5, 1 என்று மூன்று கலவைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறேழு கலவைகளில் ஒவ்வொன்றிலும் மூன்று வட்டு அடிப்பதைவிட, மூன்று கலவைகளில் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வட்டு அடித்தால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். ஏன் என்பது கணக்குப் பகுதியில் வரும்.

## 5. கலவை போடும் வரிசை

ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் மூன்றையும் உலர்வாக ஒரு நிமிடம் சுற்றவிடுங்கள். அப்புறம் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றிச் சீரான சாந்தாகும்வரை சுற்றுங்கள். நார் இதற்குப் பிறகுதான்.

உலர்ந்த கலவையில் நாரைக் கொட்டினால் அது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஈரமான சாந்து இருந்தால் ஒவ்வொரு நாரின் மேலும் படிந்து பிரித்துவைக்கும். பசை போட்டுச் சீப்புபோல ஒட்டி வரும் நார்க் கட்டுகளுக்கும் இதே வரிசைதான். அந்தப் பசை தண்ணீரில் கரைந்தால்தான் நார்கள் பிரியும். ஒட்டாமல் உதிரியாக வரும் நாரைக் கையால் தூவ வேண்டும். மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே இடத்தில் இல்லாமல், இரண்டு மூன்று நிமிடங்கள் நிதானமாகத் தூவுங்கள். கையுறை கட்டாயம். கொக்கி நார் நகக்கண்ணில் ஏறினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

நார் முழுவதும் போன பிறகு மீதித் தண்ணீரில், கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரைக் கலந்து ஊற்றி, இன்னும் மூன்று நிமிடம் சுற்றுங்கள். அதற்கு மேல் நீண்ட நேரம் சுற்றினாலும் உருண்டை பிடிக்கும்.

இப்போது ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை சரியும் அளவு) எடுத்தால் நாரில்லாத கலவையைவிடக் குறைவாக இருக்கும். உடனே ஒரு குவளை தண்ணீர் ஊற்றக் கை போகும். ஊற்றாதீர்கள். தண்ணீர் கூடினால் சிமெண்டின் பிடி தளரும், முதல் எண்ணும் முறிவு எண்ணும் இரண்டும் கெடும், எதனால் கெட்டது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. நார்க் கலவை சும்மா இருக்கும்போது விறைப்பாக நிற்கும், அதிரவைத்தால் நகரும். அதனால் ஸ்லம்ப் எண் அதை நியாயமாகக் காட்டாது. கூடத்தில், அதிரவைத்து இளக்கத்தை அளக்கும் வீபி கருவி இருந்தால் அதில் பாருங்கள். தேவைப்பட்டால் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் எல்லாக் கலவைகளிலும் ஒன்றே.

அச்சில் போடும் முன் ஒரு சிலிண்டர் அளவு ஈரக் கலவையைத் தனியே எடுத்து, பெரிய தட்டில் தண்ணீர் விட்டு அலசுங்கள். எஃகு நார்களைக் காந்தத்தால் பொறுக்கி, காயவைத்து எடை போடுங்கள். 0.5 சதவீதக் கலவையில் 5.3 லிட்டருக்கு 208 கிராம் வர வேண்டும். 150 கிராம்தான் வந்தது என்றால் நார் சீராகப் பரவவில்லை, அல்லது மிக்சரின் மூலையில் உருண்டையாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேர வேலை. 28 நாள் காத்திருந்து அடித்த பிறகு குழம்புவதைவிட இது மலிவு.

## 6. அச்சில் நிரப்புதல்

கம்பியால் குத்தாதீர்கள். குத்திய இடத்தில் நார்கள் விலகிக் குழி உண்டாகும், அந்தக் குழியில் வெறும் சாந்து நிரம்பும். ஊசி வைப்ரேட்டரும் அதே பாதிப்பைத்தான் செய்கிறது. டேபிள் வைப்ரேட்டரில் வைத்து இரண்டு மூன்று அடுக்காக நிரப்புங்கள். மேலே சாந்து மினுமினுத்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அதிர்ந்தால் எஃகு நார் கீழே இறங்கும், நார்கள் படுக்கை வாட்டத்தில் திரும்பவும் ஆரம்பிக்கும்.

63.5 மி.மீ. உயர அச்சில் நேரடியாக வட்டு வார்த்தால் அறுக்கும் வேலை மிச்சம்தானே என்று கேட்பார்கள். 20 மி.மீ.க்கு மேற்பட்ட நாருக்கு அது ஆகாது. மெல்லிய அச்சில் நீள நார் நிமிர்ந்து நிற்க இடமில்லை. எல்லாம் படுத்துக்கொள்ளும். வட்டு உடையும் விரிசல் செங்குத்தாக ஓடுவதால், படுத்த நார் அத்தனையும் அதற்குக் குறுக்கே அமைந்து முறிவு எண்ணை ஊதிப் பெருக்கும். உண்மையான தளத்திலோ தூணிலோ நார் அப்படி வரிசையாகப் படுத்திருக்காது. முழு சிலிண்டராக வார்த்து அறுக்கச் சொல்வது இதனால்தான்.

சிலிண்டர் ஒவ்வொன்றிலும் கலவைக் குறியீட்டையும் மேல்பக்கம் எது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

## 7. க்யூரிங், அறுப்பு

மறுநாள் அச்சைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் 28 நாள். இதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை.

300 மி.மீ. சிலிண்டரிலிருந்து நான்கு வட்டுகள் வரும். நான்கு வட்டுக்கு 254 மி.மீ. ஐந்து வெட்டுகளில் பிளேடு தின்பது சுமார் 20 மி.மீ. மீதி 26 மி.மீ.யை மேலும் கீழும் பாதிப் பாதியாகக் கழித்துவிடுங்கள். மேல் நுனியில் சாந்து அதிகமாக இருக்கும், அடியில் அச்சின் தரையை ஒட்டி நார் படுத்திருக்கும். இரண்டும் வேண்டாம்.

மெதுவாக வெட்டுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் பிளேடு நாரை அறுக்காமல் இழுத்து, ஓரத்தைப் பெயர்க்கும். வெட்டி முடித்ததும் ஒவ்வொரு வட்டிலும் எந்தச் சிலிண்டர், மேலிருந்து எத்தனையாவது என்று எழுதுங்கள். மேல் வட்டுகள் தொடர்ந்து சீக்கிரம் உடைந்தால் நார் கீழே இறங்கியிருக்கிறது என்று அந்த எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்.

தடிமனை நடுவிலும் விட்டத்தின் இரு முனைகளிலும் அளந்து எழுதுங்கள். வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 63.5-க்குப் பதில் 66.5 மி.மீ. வந்தால் சுமார் 10 சதவீதம் கூடிவிடுகிறது. கண்ணுக்கு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியாது, எண்ணில் தெரியும்.

அறுத்த வட்டுகள் எல்லாம் ஒரே ஈரப்பதத்தில் அடிபட வேண்டும். பாதி வட்டுகள் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்டவும் பாதி வெயிலில் காய்ந்தும் இருந்தால் ஒப்பீடு செல்லாது.

## 8. தகட்டை அமைத்தல்

அடித்தகட்டைக் கான்கிரீட் தரையிலோ கனமான கான்கிரீட் கட்டையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். மர மேசை மேலோ டைல்ஸ் தரையில் சும்மாவோ வைத்தால் ஒவ்வோர் அடியிலும் ஒரு பங்கை மேசையும் டைல்ஸும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பத்து வட்டுக்கும் போல்ட்டைச் சோதியுங்கள், தளர்ந்திருக்கும்.

தடுப்புக் கட்டைகளுக்கும் வட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 4.8 மி.மீ. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உடைந்த துண்டுகள் விரிந்து நான்கு கட்டைகளில் மூன்றைத் தொடும்போதுதான் முறிவு என்று கொள்கிறோம். இடைவெளி கூடினால் துண்டுகள் இன்னும் தூரம் நகர வேண்டும், முறிவு எண் தானாக ஏறும். 152 மி.மீ. வட்டுக்கென்று வெல்டிங் செய்த கட்டைகளில் நம் 150 மி.மீ. வட்டை வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. கூடிவிடுகிறது. கட்டைகளை நகர்த்தி அமைக்க நீளத் துளை போட்டுச் செய்வது நல்லது. அமைத்த பிறகு கேஜ் வைத்துப் பாருங்கள்.

## 9. அடித்தல்

வட்டின் அடிப்பக்கம் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். உடைந்த துண்டுகள் தகட்டின் மேல் தடையில்லாமல் விலகுவதற்கு அது. அப்பிவிட்டால் அதுவே மெத்தையாகிவிடும். மேல்பக்கம் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு, முடி போன்ற விரிசலும் அப்போதுதான் தெரியும். வட்டுக்கும் கட்டைகளுக்கும் நடுவில் ரப்பர் ஸ்பாஞ்ச் துண்டுகளைச் செருகுங்கள். முதல் விரிசல் வரும்வரை வட்டு நகராமல் அவை பிடிக்கும், விரிசல் தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, துண்டுகள் ஏன் கட்டையைத் தொடவே மாட்டேன் என்கின்றன என்று அடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

குண்டை நடுவில் நிறுத்தி, சுத்தியல் மேலும் கீழும் ஓடும் குழாயை அதன் மேல் செங்குத்தாகப் பிடியுங்கள். சுத்தியலை மேல் தடுப்பில் முட்டும்வரை தூக்கி, கையை விட்டுவிடுங்கள். தள்ளக் கூடாது. தூக்கும்போது குழாயும் சேர்ந்து எழும்பினால் விழும் உயரம் மாறிவிடும். குழாயை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தூக்கிவிடுவதே சரி.

மூன்றாவது ஆள் ஒருவர் விரிசலை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு டார்ச்சை வட்டின் மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். நேர் மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் மெல்லிய விரிசல் மறைந்துவிடும். அலுப்பில் ஐந்து அடிக்கு ஒருமுறை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் முதல் எண்கள் எல்லாம் 25, 30, 35 என்று வரும். அட்டவணையைப் பார்த்த உடனே அனுபவமுள்ள தேர்வாளர் கேட்பது இதைத்தான்.

எல்லா நாரில்லா வட்டுகளையும் காலையிலும் எல்லா நார் வட்டுகளையும் மாலையிலும் அடிக்காதீர்கள். மாலைக்குள் கை தளரும், கண் சலிக்கும், போல்ட்டும் தளரும். அந்த மூன்று தளர்ச்சியும் நார் வட்டுகளின் கணக்கில் ஏறிவிடும். வட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, வந்த வரிசையில் அடியுங்கள். 1 சதவீத நார் வட்டு நூற்றுக்கணக்கான அடிகளைக் கேட்கக்கூடும் என்பதால் நேரத்தையும் ஆட்களையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், காலில் மூடிய ஷூ. நாரில்லா வட்டு உடையும்போது சில்லு தெறிக்கும்.

## 10. உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியும் முன்

எண்ணை எழுதியதும் துண்டுகளைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சோதனையின் பாதி விஷயம் அந்த உடைந்த முகத்தில்தான் இருக்கிறது.

துண்டுகளைப் பிரித்து நீட்டிக்கொண்டிருக்கும் நார்களைக் கவனியுங்கள். கொக்கி நிமிர்ந்து, முழு நாராக வெளியே வந்திருந்தால் நார் தன் வேலையைச் செய்திருக்கிறது. கொக்கி வளைவு குலையாமல் அப்படியே வந்திருந்தால் சிமெண்டின் பிடி போதவில்லை. தண்ணீர் கூடியிருக்கலாம், நாரைச் சுற்றிச் சாந்து இறுகாமல் இருந்திருக்கலாம். நார் குட்டையாக அறுந்து, நுனி கூர்ந்து நின்றால் அந்தக் கலவைக்கு நாரின் வலிமை போதவில்லை.

ஒவ்வொரு முகத்திலும் எத்தனை நார் தெரிகிறது என்று எண்ணி முறிவு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே கலவையில் ஒரு வட்டு 60 அடியிலும் இன்னொன்று 180 அடியிலும் உடைந்தால், பெரும்பாலும் இந்த எண்ணிக்கையிலேயே விளக்கம் கிடைத்துவிடும். இந்தச் சோதனையில் விரிசல் தனக்கு எளிதான பாதையைத் தானே தேடிக்கொள்கிறது. நார் குறைவாக இருந்த பாதை கிடைத்த வட்டு சீக்கிரம் போய்விடும்.

நாரில்லா வட்டு இரண்டு மூன்று பெரிய துண்டாக விழும். நார் வட்டில் விரிசல்கள் கூடுதலாகவும் மெல்லியதாகவும் இருக்கும், துண்டுகள் ஒன்றையொன்று விடாமல் தொங்கும். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலும் வட்டின் எண்ணும் தெரியட்டும்.

## 11. கணக்கு

ஆற்றல் என்பது அடிகளின் எண்ணிக்கை, சுத்தியலின் எடை, 9.81, விழும் உயரம் நான்கின் பெருக்கல். உதாரணத்துக்கு ஒரு கற்பனை வட்டு: முதல் எண் 40, முறிவு எண் 130, சுத்தியல் 4.9 கிலோ, உயரம் 0.45 மீட்டர். முதல் விரிசல் வரை 865 ஜூல், முறிவு வரை 2812 ஜூல், இடைவெளிக்கு 1947 ஜூல்.

இதை வட்டு உறிஞ்சிய ஆற்றல் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சரியில்லை. இது சுத்தியல் கொடுத்த ஆற்றல். அதில் ஒரு பங்கு குண்டு எகிறுவதில் போகிறது, ஒரு பங்கு குண்டுக்கடியில் கான்கிரீட்டைப் பொடியாக்குவதில், ஒரு பங்கு தரையில். அளிக்கப்பட்ட ஆற்றல் என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

அடுத்தது சிதறல். ஒரே கலவையின் வட்டுகளிலேயே எண்கள் கன்னாபின்னாவென்று வரும். சராசரியில் 50 சதவீத அளவுக்கு மாறுபாடு (திட்ட விலக்கம்) வருவது இந்தச் சோதனையில் அதிசயமில்லை. அதைத் தவறு என்று நினைத்து, ஒட்டாத எண்களை அடித்துவிட்டு அழகான அட்டவணை போடுவதுதான் தவறு.

மாறுபாடு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியின் பிழை அதை வட்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். மூன்று வட்டு அடித்தால் 29 சதவீதம். ஆறு அடித்தால் 20. பன்னிரண்டு அடித்தால் 14. பத்துக்கு இறக்க 25 வட்டு வேண்டும். மூன்றே வட்டுகளை அடித்துவிட்டு, 0.5 சதவீத நாரைவிட 0.75 சதவீதம் 15 சதவீதம் மேல் என்று எழுதுவதற்கு அர்த்தமில்லை. நாரில்லாததற்கும் 1 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்காக இருப்பதால் அது பன்னிரண்டு வட்டிலேயே தெளிவாகத் தெரிந்துவிடும். கலவைகளைக் குறைத்து வட்டுகளைக் கூட்டச் சொன்னது இதற்குத்தான்.

சராசரியோடு நடு எண்ணையும் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) கொடுங்கள். ஒரே ஒரு வட்டு 400 அடி தாங்கிவிட்டால் சராசரி அதன் பின்னால் ஓடும், நடு எண் நகராது. முடிந்தால் எத்தனை அடியில் உடையும் நிகழ்தகவு எவ்வளவு என்று காட்டும் வைபுல் வரைபடமும் போடுங்கள். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் வரிசை எண்ணில் 0.3 கழித்து, மொத்த எண்ணிக்கையோடு 0.4 கூட்டியதால் வகுத்தால் உடையும் நிகழ்தகவு கிடைக்கும். ஒன்றிலிருந்து அந்த நிகழ்தகவைக் கழித்து, அதன் தலைகீழுக்கு இருமுறை இயல் மடக்கை எடுங்கள். அதை அடி எண்ணின் மடக்கைக்கு எதிராகப் புள்ளி வைத்தால் ஏறத்தாழ நேர்கோடு வரும். கோடு படுத்திருந்தால் சிதறல் அதிகம், செங்குத்தாக நின்றால் குறைவு. பத்தில் ஒன்பது வட்டு குறைந்தது எத்தனை அடி தாங்கும் என்று அந்தக் கோட்டிலிருந்து படித்துவிடலாம். தரை போடும் பொறியாளருக்குச் சராசரியைவிட அந்த எண்தான் உதவும்.

## 12. அறிக்கையில் எது வரை சொல்லலாம்

சுத்தியலின் உண்மையான எடையும் உயரமும், வட்டின் அளந்த தடிமன், கட்டை இடைவெளி, வட்டுகளின் எண்ணிக்கை, எல்லா வட்டுகளின் தனித்தனி எண்கள்: இவை கட்டாயம் இருக்க வேண்டும். சராசரியை மட்டும் போட்ட அட்டவணையை வேறொருவர் எதற்கும் பயன்படுத்த முடியாது.

450 மி.மீ. உயரத்திலிருந்து விழும் சுத்தியல் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில்தான் தொடுகிறது. சிறிய அடி, பலமுறை. தொழிற்சாலைத் தரை, சரக்கு இறக்கும் மேடை போன்ற இடங்களில் விழும் அடிக்கு இது பொருந்தும். வெடிவிபத்துக்கோ துப்பாக்கிக் குண்டுக்கோ இந்த எண்களை நீட்டாதீர்கள். அங்கே ஒரே அடியில் எல்லாம் முடிகிறது. சுமை ஏறும் வேகம் பல மடங்கு கூடும்போது சிமெண்டின் பிடியும் இறுகுவதால், இங்கே உருவி வந்த அதே நார் அங்கே அறுந்துபோகலாம்.

தூண், உத்தரம் வடிவமைப்புக்கு நேரடியாக எடுத்துப் போடும் எண்ணும் இதில் கிடைக்காது. இது கலவைக்கும் கலவைக்கும் உள்ள ஒப்பீடு. உத்தரத்தின் தாக்க வலிமையே வேண்டும் என்றால் எடை விழும் கோபுரம், விசையை அளக்கும் லோட் செல், வேகமாகப் பதிவு செய்யும் கருவி எல்லாம் தேவை. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: சுத்தியலில் உள்ள லோட் செல் காட்டும் உச்சத்தில் பெரும்பகுதி, அசையாமல் இருந்த உத்தரத்தை அசைக்கச் செலவான விசைதான். உத்தரத்தில் முடுக்கமானி ஒட்டி, அந்தப் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதே வளைவுச் சுமை. கழிக்காமல் எழுதினால் நாரில்லாத உத்தரமும் மலைபோல் தாங்கியதாகத் தெரியும்.